மாப்பிள்ளை மெத்தை

என் மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாய்க்கு, ஓர் ஆசை இருந்தது. மகளுக்குப் பிறக்கும் முதல் பிள்ளையைத் தானே காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நேராக நீட்டி, பிள்ளையைக் கணைக்காலின் மேல் கிடத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான். கேட்க இலேசாக இருக்கும். நாரி சரியில்லாத ஒருவர் அப்படிக் கால் நீட்டி இருந்து பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு முள்ளந்தண்டு தேவை என்பது விளங்கும். நாரி என்று நாங்கள் சொல்வது இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு முடிகிற இடத்தை. மாமியின் நாரி எப்போதோ பழுதாகிவிட்டிருந்தது. அது மகளைத் தவிர யாருக்கும் தெரியாது, குறிப்பாக எனக்குத் தெரியக்கூடாது என்பதில் அவர் வெகு கவனமாக இருந்தார்.

அவருடைய ஆசைக்குக் குறுக்கே கிடந்தது நான்தான். கிடந்தது என்று சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே கிடந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓட்டமாவடி. எங்கள் ஆட்களிடையே கலியாணம் முடிந்தால் ஆண்தான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் அப்படித்தான் காத்தான்குடிக்கு வந்தேன். புது மருமகன் என்றால் அந்த வீட்டில் கிடைக்கிற மரியாதையைக் கேட்க வேண்டாம். பொரித்த கோழியில் பெரிய துண்டு எனக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கதிரை எனக்கு. நான் குளிக்கப் போனால் புதுச் சவர்க்காரம். இரண்டு தும்மல் தும்மினால் குசினியில் கொத்தமல்லி கொதிக்கும். சொந்த உம்மா வீட்டில் என்னை யாரும் இப்படிக் கவனித்ததில்லை, அதனால் முதல் மாதம் நான் நன்றாகவே அனுபவித்தேன்.

அந்த மரியாதையின் உச்சிதான் மெத்தை. மாமி குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் போய், மகள் குமரான பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இடையில் மாமா மௌத்தாகி, மாமி தனித்துப் போனார். வீடு கட்டியது, கிணறு வெட்டியது, மதில் எழுப்பியது எல்லாம் மாமியின் உழைப்பு. அந்த அரபி வீட்டு எசமானிக்கு இருந்த மாதிரி ஒரு மெத்தை தன் மகளுக்கும் இருக்க வேண்டும் என்று அங்கே இருக்கும்போதே நினைத்து வைத்திருந்தாராம். கலியாணத்துக்கு முதல் மட்டக்களப்பு டவுனெல்லாம் ஏறி இறங்கித் தேடி அதை வாங்கியிருக்கிறார். ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பு. கையை வைத்தால் கை காணாமல் போகும். கலியாணத்துக்கு வந்த பெண்கள் வரிசையாக வந்து அதை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். ஊரில் அதற்கு ஒரு பேரும் விழுந்துவிட்டது: மாப்பிள்ளை மெத்தை.

நான் உயர்ந்த ஆள். சின்ன வயதிலிருந்தே வாசல்களுக்குக் குனிந்து, கட்டையான கூட்டாளிமாரோடு பேசக் குனிந்து, கூனல் எனக்குப் பழகிப்போன ஒன்று. போதாததற்கு வேலையும் அப்படி. மெயின் வீதியில் ஓர் அச்சுக் கடையில் கொம்பியூட்டரில் கலியாணக் கார்டும் பெனரும் வடிவமைப்பது என் தொழில். காலையில் கதிரையில் குந்தினால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவேன். கழுத்து முன்னால் போய்த் திரைக்குள் புகுந்துவிடும், முதுகு கேள்விக்குறியாகிவிடும். அந்த முதுகைக் கொண்டுபோய் இரவிரவாக அந்த மெத்தைக்குள் புதைத்தால் என்ன நடக்கும்? நடந்தது. நடுவில் நான் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவேன், தலையும் காலும் மேட்டில் கிடக்கும். விடிய எழும்பும்போது நாரி இறுகிப்போய், பல் துலக்கக் குனிய முடியாமல், கண்ணாடியில் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நோவு ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நோவு வராதவர்கள். நாரியில் பிடித்த நோவு என் வாயில் வந்து பேசியது. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்ன ஒரு மணமகனின் தகப்பனிடம், “கார்ட்டில எழுத்துத்தான் வேணுமா, இல்லாட்டி கலியாணமும் வேணுமா?” என்று கேட்டுவிட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். சோறு இறங்கவில்லை. மனைவி சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறாள் என்று கோபம் வந்தது. மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒவ்வொரு குழியும் யாரோ எனக்கென்றே தோண்டி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் மெத்தையைப் பற்றி வாய் திறக்க முடியுமா? ஒரு மனுசி வெளிநாட்டில் வெந்து வாங்கிய சாமான். அதில் படுக்க ஏலாது என்று மருமகன் சொன்னால், அது மெத்தையைச் சொன்னதாகாது. அந்த வீட்டையே சொன்னதாகும். அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், கால்களை மடித்து மல்லாந்து படுத்தேன். சீமெந்துத் தரையின் குளிர் நாரியில் பட்டபோது வந்த சுகம் இருக்கிறதே, அதை அந்தப் பொரித்த கோழி தந்ததில்லை. மனைவி மேலே கட்டிலில் இருந்து மாம்பழம் சீவி, துண்டு துண்டாகக் கீழே என் வாயில் போடுவாள். எங்கள் கலியாண வாழ்க்கையில் அழகான நேரங்கள் அவைதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஒருநாள் கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை. மாமி துவைத்த உடுப்புகளை வைக்க வந்தவர், கதவிடுக்கில் பார்த்திருக்கிறார். மருமகன் தரையில். மகள் கையில் கத்தியோடு கட்டிலில். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து அடக்கிய குரல் கேட்டது.

“புள்ள, அந்த மனுசன ஏன் கீழ போட்டிரிக்காய்? என்ன சண்ட? கட்டின புருசன நிலத்தில போட்டுட்டு நீ மேல இருந்து மாம்பழம் தின்றியா?”

“அல்லாவே! சண்டயுமில்ல ஒண்டுமில்லம்மா. அவருக்கு நாரி நோகுதாம். அதான் படுத்திரிக்காரு.”

மெத்தையைக் காட்டிக் கொடுக்காமல் அவள் உண்மையில் பாதியைச் சொன்னாள். மாமி மீதியைத் தானே நிரப்பிக்கொண்டார். மருமகனுக்கு நாரி நோகிறது என்றால் மெத்தை இன்னும் மெத்தென்று இருக்க வேண்டும். அடுத்த நாள் பின்னேரம் நான் கடையிலிருந்து வந்து பார்த்தால், அந்த மெத்தைக்கு மேலே இன்னொரு மெத்தை. இலவம் பஞ்சு அடைத்து, பூப்போட்ட துணி போட்டு, புத்தம் புதிதாகத் தைப்பித்தது. கட்டிலில் ஏறுவதற்கு எனக்கே காலைத் தூக்க வேண்டியிருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரைக்குப் பின்னாலிருந்து மாமி, “மருமகனுக்கு இப்ப சரியா இரிக்குமாமா எண்டு கேளு புள்ள” என்றார். சரியாக இருக்கும் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தத் திரையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முன் மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையில் ஒரு நீலத் திரைச்சீலை தொங்குகிறது. மருமகனுக்கு முன்னால் மாமி வந்து உட்கார்ந்து இருக்கும் வழக்கம் அவர்களுடைய குடும்பத்தில் இல்லை. நான் மண்டபத்தில் இருந்தால் அவர் திரைக்குப் பின்னால் நிற்பார். என்னோடு பேச வேண்டியதை மகளிடம் பேசுவார், மகள் எனக்குச் சொல்வாள், இவ்வளவுக்கும் எல்லாம் எனக்கு நேரேயே கேட்கும். எத்தனையோ வீடுகளில் இதெல்லாம் இப்போது இல்லை. மாமி மட்டும் விடவில்லை. மாமியின் முகத்தைவிட அவருடைய பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில்.

இரண்டு மெத்தையில் படுத்த பலன் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் தெரிந்தது. பின்னேர அஸர் தொழுகையை வீட்டு மண்டபத்திலேயே தொழுதேன். சுஜூதுக்குப் போய் நெற்றியை நிலத்தில் வைத்தேன். எழும்ப முடியவில்லை. நாரியில் யாரோ ஆணி அடித்து இறுக்கிய மாதிரி ஒரு பிடி. அசைந்தால் உயிர் போகிறது. மனைவி அயல் வீட்டுக்குப் போயிருந்தாள். திரைக்குப் பின்னால் மாமி இருக்கிறார் என்று தெரியும், ஆனால் தொழுகைக்கு நடுவில் எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டாலும் அவர் வந்து என்னைப் பிடித்துத் தூக்குவாரா? அப்படியே கிடந்தேன். என் ஆயுளில் நான் அவ்வளவு உருக்கமாகத் துஆக் கேட்டது அன்றைக்குத்தான்.

மனைவி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமி இரகசியமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. “சத்தம் போடாத புள்ள. மருமகன் எவ்வளவு நேரமா சுஜூதில கெடக்காரு எண்டு பாரு. மாஷா அல்லாஹ், என்ன பக்தி!”

மனைவி எட்டிப் பார்த்தாள். என் ஒரு கண் அவளைப் பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முள்ளந்தண்டில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பில் முட்டுகிறதாம். வெட்டுக்கொத்து வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுத்தது பெரியகல்லாறு ஊரைச் சேர்ந்த இளம் பிள்ளை ஒருவர். கடையில் கதிரையில் எப்படி இருக்கிறேன் என்று இருந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

“அண்ணா, இப்பிடியா நாள் முழுக்க இருக்கிற நீங்க?”

“ஓம்.”

“அப்ப உங்கட டிஸ்க்கில பிழையில்ல. அது இவ்வளவு காலம் பொறுத்ததே பெரிய விசயம்.”

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். “முள்ளந்தண்டு நொந்தா அது மட்டும் நோகிறதில்ல. நித்திர, சாப்பாடு, கோவம் எல்லாம் அதிலதான் தொங்கிக்கொண்டு கெடக்கு. அத நிமித்தினா மத்தது தானா நிமிரும். ஒரேயடியாக் குந்தி இருக்காம இடைக்கிட ஒழும்பி நடங்க. பயிற்சிய ஒருநாளும் விடவேணாம். உங்களுக்கு அமுங்கிற மெத்த சரிவராது, கட்டியான படுக்கையில படுங்க.”

கடைசி வசனத்தைக் கேட்டு மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். வீட்டில் மாமியின் சந்தோசத்துக்கு அளவில்லை. இந்த நேரத்தில் போய் மெத்தையைக் கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? “நான் சொல்றன்” என்றாள் மனைவி. “வாயத் திறக்காத” என்றேன். மெத்தைகள் இரண்டும் கட்டிலில் அப்படியே இருந்தன. நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு, மின்விசிறி இருக்கிற முன் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தேன். அறைக்குள் வெக்கை என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்படித்தான் நான் குறுக்கே கிடந்தேன்.

பகலில் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது வேலைக்குப் போகிற ஆணுக்குத் தெரியாது. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தபோதுதான் எனக்குத் திரைக்குக் கீழே இருந்த அந்தப் பாதங்கள் சரியாகக் கண்ணில் பட்டன. அவை உட்கார்ந்து இருக்கவே இல்லை. சமைக்கும்போதும் நின்றன, சமைத்து முடிந்தும் நின்றன. பாரத்தை வலது காலில் போட்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் இடது காலுக்கு மாற்றும், பிறகு ஒரு குதிக்கால் மட்டும் தூக்கும். நான் கடையில் முதலாளிக்கு முன்னால் நோவை மறைத்துக்கொண்டு நிற்கும்போது செய்வது அச்சொட்டாக இதைத்தான். மாமியின் நாரியை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். வைத்தியம் படிக்கத் தேவையில்லை, நாரி நொந்தவனாக இருந்தால் போதும்.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு பக்கத்தில் இருந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். குவைத்தில் அந்த வீட்டுக் கிழவி படுக்கையில் விழுந்தவராம். பெரிய உடம்பு. அந்த உடம்பைத் தூக்கித் திருப்பி, இருத்தி, கழுவி, வருடக்கணக்காக மாமி ஒருத்தியே செய்ததில் நாரி போய்விட்டது. ஊருக்கு வந்தும் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பகல் சமையல் முடிந்ததும் முன் மண்டபத்து வெறும் தரையில், மின்விசிறிக்குக் கீழே, அஸர் வரைக்கும் படுத்திருப்பாராம். அதுதான் அவருக்கு மருந்தாம். நான் வீட்டில் கிடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் பறிபோய்விட்டது. சின்னக் குசினி, கால் நீட்ட இடமில்லை. மருமகன் வீட்டில் இருக்கும்போது மாமி படுத்திருப்பதா என்ற வெட்கம் வேறு.

“இன்னுமொண்டு” என்றாள் மனைவி. “முந்தாநாள் பின் விறாந்தையில உம்மா கால நீட்டி இருந்து பாத்தாங்க. துவாயச் சுருட்டிப் புள்ளயப் போல காலில வெச்சிட்டு. குனியவும் ஏலல்ல, ஒழும்பவும் ஏலல்ல. நான்தான் தூக்கின. என்ர புள்ளய நான் குளிப்பாட்ட மாட்டேனா எண்டு அழுதாங்க. அரபிட புள்ளயள் எத்தினயக் குளிப்பாட்டின கை எண்டு சொல்லிச் சொல்லி அழுதாங்க.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கிழவி மேலா, மாமி மேலா, அந்த நீலத் திரை மேலா, பாயில் சொகுசாகக் கிடந்த என் மேலா? சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். திரைக்கு முன்னால் போய் நின்றேன். கலியாணம் முடித்து அன்றைக்குத்தான் மாமியோடு நேராகப் பேசினேன்.

“மாமி, இருங்க.”

பாதங்கள் திடுக்கிட்டு ஒன்றாகச் சேர்ந்தன.

“உங்கட நாரியும் சரியில்லயாம். கதிரயப் போட்டு இருங்க மாமி.”

“பரவால்ல எண்டு சொல்லு புள்ள” என்றார் மாமி மகளைப் பார்த்து. “நான் நிண்டு பழகின ஆள். மருமகனப் போய்ப் படுக்கச் சொல்லு.”

“நீங்க இருக்காத வரைக்கும் நானும் படுக்க மாட்டன். இருக்கவும் மாட்டன்.”

“அவரு நிக்கக்குள்ள நான் எப்பிடி இருக்கிற எண்டு கேளு.”

“மாமி நிக்கக்குள்ள நான் எப்பிடிப் படுக்கிற எண்டு கேளு.”

நான் விடவில்லை. மாமியும் விடவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நான் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினேன். அந்தப் பக்கம் அவர் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினார். எனக்கு நாரியிலிருந்து குதிக்கால் வரை சுள்ளென்று இழுத்தது. அவருக்கும் இழுத்திருக்கும். மரியாதை என்ற ஒன்று எங்கள் இரண்டு பேரையும் போட்டு அந்தப் பாடு படுத்தியது.

மனைவி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பிடித்து ஏசத் தொடங்கினாள். “ரெண்டு பேருக்கும் மூள இரிக்கா? ஒருத்தருக்குக் குனிய ஏலா, ஒருத்தருக்கு நிமிர ஏலா. புள்ள பிறந்தா யாரு தூக்கிற? அயல் வீட்டு ஆக்களா?” ஒரு கதிரையை எனக்குப் பின்னால் தள்ளினாள், இன்னொன்றைத் திரைக்குள் தள்ளினாள். “ஒண்டா இருங்க. இப்ப!”

ஒன்றாக இருந்தோம். இரண்டு கதிரைகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எத்தனை காலத்து மூச்சோ தெரியாது.

கதிரையில் இருந்த தைரியத்தில் மெத்தையையும் சொல்லிவிட்டேன். “மாமி, குறை நினைக்க வேணாம். அந்த மெத்த எனக்கு ஒத்துவரல்ல. டொக்டரும் வேணாம் எண்டுட்டார்.” சொல்லிவிட்டு வாயைக் கடித்துக்கொண்டேன். அவர் உள்ளே அழுகிறாரோ என்று நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்துத் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். மாமி சிரித்துக்கொண்டிருந்தாராம்.

“எனக்குத் தெரியும் மகன்” என்றார். மகளிடம் இல்லை, என்னிடம். “வாங்கின அண்டைக்கே ஒருக்காப் படுத்துப் பாத்தன். ஒழும்ப ஏலாமப் போச்சு. உருண்டு வந்து நிலத்தில விழுந்துதான் ஒழும்பின.”

“அப்ப ஏன் மாமி அத எனக்குப் போட்டீங்க?”

“மாப்புளைக்கு எப்பிடி மகன் பாயக் குடுக்கிற?”

நான் சிரித்தேன். சிரித்தால் நாரி நோகும், நொந்தது, அப்படியும் சிரித்தேன். அந்த மனுசியை எனக்கு மிகவும் பிடித்துப்போன நேரம் அது.

அடுத்த கிழமை மாமியையும் அதே பிள்ளையிடம் கூட்டிப் போனோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலைகள் வேறு விதமாகின. மண்டபத்தில் நான் பாய் விரிப்பேன், அறையில் மாமி பாய் விரிப்பார். நடுவில், அறை வாசலில், மனைவி கதிரை போட்டு இருப்பாள். முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும், பிடிக்க வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்த வேண்டும். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணுவாள். வயிறு பெருக்கப் பெருக்க அவள் குரலில் அதிகாரமும் பெருத்தது.

“உம்மா, ஏமாத்த வேணாம், இடுப்பு மேல வரல்ல. இஞ்ச பாருங்க, நீங்களும்தான். மூச்ச விடுங்க. விடுங்க!”

“குமருப் புள்ளயள் ஆடுற மாதிரி என்ன ஆட்ட வெச்சிட்டியே” என்று மாமி உள்ளேயிருந்து முனகுவார். சிலநாள் அவரால் முடியாது. சிலநாள் எனக்கு முடியாது. அப்படியான நாட்களில் முடிந்தவர் முடியாதவருக்காகக் காத்திருப்பார், அதையும் மனைவிதான் அறிவிப்பாள். மெல்ல மெல்ல எனக்கு நித்திரை வந்தது. சோறு இறங்கியது. கடையில் கொம்பியூட்டர்த் திரையை என் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன், அரை மணிக்கொருக்கால் எழும்பி வாசல் வரை நடந்தேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்ன அந்தத் தகப்பன் இரண்டாவது மகனின் கார்டுக்கும் என்னிடமே வந்தார். கேட்காமலே பெரிதாக்கிக் கொடுத்தேன். ஓட்டமாவடிக்குப் போனபோது என் உம்மா என்னைப் பார்த்து, “என்னடா மகன், வளந்துட்டாய்?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை மெத்தை கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து நின்றது. கட்டிலில் பலகையும் மெல்லிய பஞ்சு மெத்தையும் வந்தன. யாருக்காவது கொடுக்கலாம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாம் மாதம் பயிற்சிப் பிள்ளை மாமியிடம் ஒரு வழி சொல்லியிருந்தார். வெறும் தரையில் கால் நீட்டி இருந்தால் நாரி தாங்காது. இருக்கிற இடம் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், முதுகுக்குச் சுவர் வேண்டும், சுவருக்கும் நாரிக்கும் இடையில் கட்டியாக ஒன்று அண்டை கொடுக்க வேண்டும். மாமி வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரொட்டி வெட்டுகிற நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, உறையை உரித்து, அதை வெட்டத் தொடங்கினார். நான் பதறிப்போனேன். ஊரே அமுக்கிப் பார்த்த மெத்தை! அவர் நிறுத்தவில்லை. இருக்க ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு இறுக்கிக் கட்டி, குசினிக்குள் கொண்டுபோய் அவற்றுக்குத் தண்ணீர் புகாத மெழுகுசீலையில் உறை தைத்தார். கடைசியாக ஒரு சின்னத் துண்டு திரைக்குக் கீழே என் பக்கம் தள்ளப்பட்டு வந்தது. “கடைக் கதிரைக்கு” என்றார்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற நாளும் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வருவதாகச் சொன்ன அயல் வீட்டுப் பெண்ணைக் காணவில்லை. மனைவி கட்டிலை விட்டு எழும்பக்கூடாது. பின் விறாந்தையில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் மண்டபத்தில் நடந்து நடந்து திரும்பினேன். உள்ளே மெழுகுசீலை சரசரக்கிற சத்தம், பிறகு ஒரு முனகல், பிறகு ஒன்றும் இல்லை. அவரால் முடியாமல் போய்விட்டதோ என்று திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“மகன்” என்று கூப்பிட்டார். “இஞ்சால வாங்க. தண்ணி ஊத்த ஆளில்ல.”

திரையைத் தூக்கிக்கொண்டு, குசினியைத் தாண்டிப் பின் விறாந்தைக்குப் போனேன். மாமி இருந்தார். சுவரில் முதுகை வைத்து, மெத்தைத் துண்டின் மேல், இரண்டு கால்களையும் நீட்டி, நிமிர்ந்து இருந்தார். கலியாணம் முடித்து அத்தனை மாதத்தில் அவர் என் முன்னால் உட்கார்ந்து இருந்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. கணைக்கால் இரண்டுக்கும் நடுவில் என் மகள் குப்புறக் கிடந்தாள். மாமி எண்ணெய்க் கையால் அவளுடைய முதுகை, கழுத்திலிருந்து நாரி வரைக்கும், பெருவிரலால் மெதுவாக நீவினார். அந்தச் சின்ன முள்ளந்தண்டு தோலுக்குக் கீழே வரிவரியாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊற்ற மறந்து கோப்பையோடு நின்றேன்.

மாமி தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்த்தார். இத்தனை காலத்தில் தன் வாயால் ஒருநாளும் சொல்லாததை, வெட்கமில்லாமல், சொந்த மகனை ஏசுகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

“என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? கெதியா ஊத்துங்க மகன், எனக்கு நாரி நோகுது.”